இருளை எழுதும் இளைஞர்க்கு

(சங்கத்தின் வெள்ளிவிழாவில், இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

“நாடகமும் நம் இளைஞரும்” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இத்தலைப்பைத் தந்த பெரியோர் சிலருடைய உள்ளத்தில் ஒரு குறை உண்டு என்பதை நான் அறிவேன். நம் இளைஞர் ஆண்டுவிழாவுக்கு நாடகம் எழுதினால், அதில் ஒரு கொலை நிகழ்கிறது. ஒரு பாழடைந்த வீடு வருகிறது. நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. குற்றவாளி யார் என்பது இறுதிக் காட்சி வரையில் தெரிவதில்லை. “கல்விச் சங்கத்தின் மேடையில் கொலையும் பேயும் எதற்கு? நாலு நல்ல கருத்துகளைச் சொல்லக் கூடாதா?” என்று அவர்கள் கேட்கின்றனர். நான் அவ்விளைஞர்க்கு அறிவுரை கூறுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அறிவுரை கூறத்தான் போகிறேன். ஆனால் எழுதுவதை நிறுத்துங்கள் என்று கூறப் போவதில்லை. இன்னும் ஆழ்ந்து எழுதுங்கள் என்றே கூறப் போகிறேன்.

முதலில், பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டு, ஆர்வம் ஒன்றினாலேயே நாடகம் எழுதியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பம்மல் சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். பின்னர்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தவர். இளமையில் அவர் தமிழ் நாடகங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. 1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் என்பவர் தம் குழுவோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். கற்றறிந்தவர்கள் மேடையேறி நடித்ததைக் கண்ட அந்த இளைஞருக்கு, நாமும் தமிழில் இவ்வாறு செய்தால் என்ன என்ற வேட்கை பிறந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே நண்பர் சிலருடன் சேர்ந்து ‘சுகுண விலாச சபை’யைத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. அன்று பிடித்த ஆர்வம் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். பலவற்றில் தாமே நடித்தார். ‘நாடக மேடை நினைவுகள்’ என்று தம் அனுபவங்களைப் பல பகுதிகளாக எழுதி வைத்தார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964இல் மறைந்தார்.

அவருடைய நாடகங்களின் பெயர்களைச் சற்று நோக்குங்கள். ‘கள்வர் தலைவன்’, ‘வேதாள உலகம்’, ‘பேயல்ல பெண்மணியே’! ஷேக்ஸ்பியரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டவை எவை? நகைச்சுவை நாடகங்களும் உண்டு. ஆயினும் தந்தையின் ஆவி வந்து தன் கொலையை மகனிடம் உரைக்கும் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். உறங்கும் அரசனைக் கொன்றவன் தன் உறக்கத்தையும் இழக்கும் மாக்பெத்தை ‘மகபதி’ ஆக்கினார். நீதிமன்றத்தில் சட்டம் பேசிய அந்த மனிதர், மாலையில் வீடு திரும்பியதும் கொலையையும் வஞ்சத்தையும் ஆவியையும் எழுதியிருக்கிறார். ஆகவே, நம் இளைஞர்க்கு வந்திருப்பது புதிய நோயன்று. நல்ல பரம்பரையில் வந்த ஆர்வமே. அப்பரம்பரை அவரோடு முடியவும் இல்லை. பெங்களூரில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே எழுதிய சுஜாதா, பூர்ணம் விசுவநாதன் குழுவினர்க்காக ‘டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு’ என்று ஒரு நீதிமன்ற நாடகம் தந்ததை உங்களுள் சிலர் அறிந்திருக்கக் கூடும்.

திகில் நாடகம் என்றால் மலிவான சரக்கு என்றும், அறம் கூறும் நாடகம் என்றால் உயர்ந்தது என்றும் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. சம்பந்தனாரின் ‘மனோகரா’வை எடுத்துக்கொள்வோம். 1936இலும் 1954இலும் திரைப்படமாக வந்தமையால் கதை உங்களுக்குத் தெரியும். அரசன் வசந்தசேனை என்பவளின் வலையில் வீழ்ந்து கிடக்கிறான். பட்டத்தரசி பத்மாவதி ஒதுக்கப்படுகிறாள். மகன் மனோகரன் வாளை உருவத் துடிக்கிறான். ஆனால் தன் அனுமதியின்றிப் பழி தீர்க்கலாகாது என்று அன்னை அவனிடம் வாக்குப் பெற்றுவிடுகிறாள். அந்த ஒரு வாக்குத்தான் நாடகத்தின் உயிர்நாடி. அவமதிப்பு ஒவ்வொன்றாக வந்து குவியும்போது, “இப்பொழுதாவது அன்னை வாய் திறப்பாளா?” என்று அவையோர் ஏங்கிக் காத்திருக்கின்றனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டு அவன் நிற்கையில், அவனைக் கட்டியிருப்பது இரும்பு மட்டுமன்று, அன்னைக்குத் தந்த சொல்லும் என்பதை நாம் அறிகிறோம். இங்கே திகில் எங்கே முடிகிறது, அறம் எங்கே தொடங்குகிறது என்று யாரேனும் கோடு கிழித்துக் காட்ட இயலுமா?

நம் மதுரைப் பக்கத்துக்கு வருவோம். நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யை நிறுவிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். பின்னாளில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அச்சபையில் பயின்றவர்களே. சுவாமிகள் தொடக்கத்தில் எமன், சனீசுவரன் முதலிய அச்சந்தரும் வேடங்களில் நடித்தவர். நாடகக் கலைஞர் நடுவே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. ஓர் இரவு சனீசுவரனாக நடித்து முடித்து, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றாராம். அவ்வழியே வந்த பெண்ணொருத்தி அவ்வுருவத்தைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் துறந்தாள் என்பார்கள். அது அவர் உள்ளத்தை உலுக்கிவிட, வேடமிடுவதை விட்டு ஆசிரியராகவும் நூலாசிரியராகவும் ஆனார் என்பது அச்செய்தி. அச்சம் வலிமையுடைய பொருள் என்பதையும், அதனைக் கையாள்பவர்க்குப் பொறுப்பு வேண்டும் என்பதையும் நம் நாடகத் துறையினர் தொன்றுதொட்டு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

சுவாமிகளின் காலந்தொட்டு இன்றளவும் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு மதுரையே தலைமையிடம். அவற்றுள் அரிச்சந்திரன் மயான காண்டத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாம்பு தீண்டி இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி நள்ளிரவில் தனியே சுடுகாட்டுக்கு வருகிறாள். காவலன் தடுத்து, முழத்துண்டும் கால் பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். கேட்பவன் அவள் கணவன். கிடத்தப்பட்டிருப்பவன் அவன் மகன். அவ்விருவர்க்கும் இது தெரியாது. அவையில் அமர்ந்திருக்கும் நமக்குத் தெரியும். எப்பொழுது அறிவார்கள், எவ்வாறு அறிவார்கள் என்று நெஞ்சம் பதைக்கிறது. அவள் கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுப் பணம் தா என்று காவலன் சொல்லும்போது, கணவன் கண்ணுக்கன்றிப் பிறர் கண்ணுக்குத் தெரியாத அத்தாலியே உண்மையை வெளிப்படுத்துகிறது. நம் இளைஞர் கற்க வேண்டிய முதற்பாடம் இதில் இருக்கிறது. அவையோரிடம் எல்லாவற்றையும் மறைத்து வைத்து இறுதியில் திடுக்கிட வைப்பது எளிய முறை. அவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, மேடையில் உள்ளவர் அதனை அறியும் வரை காத்திருக்கச் செய்வது கடினமான முறை. முதலாவது ஒரு முறை பார்ப்பதோடு முடிந்துவிடும். இரண்டாவதைத்தான் நம் மக்கள் நூறாண்டுகளாக ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் கண்ணீரோடு பார்த்து வருகின்றனர்.

அந்த மயான காண்டத்தில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன். அரிச்சந்திரனை விலை கொடுத்து வாங்கியவன் சுடலைக்கு உரியவனான வீரபாகு. அவன் யார், எந்தத் தெருவினன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மன்னன் எந்த அளவுக்குத் தாழ்ந்தான் என்பதைக் காட்டுவதற்கு நாடகம் கண்ட அளவுகோல், அவன் வீரபாகுவுக்கு அடிமையானான் என்பதே. ஆயினும் கடனடைக்கப் பொன் கொடுத்தவன் வீரபாகு அல்லவா? அவனுக்கு ஒரு குடும்பம் இருந்திருக்காதா? ஓர் அரசன் தன் வீட்டு வாயிலில் ஏவலாளாய் வந்து நின்ற அந்த இரவில், அவ்வீட்டுப் பெண்கள் என்ன பேசியிருப்பார்கள்? இதனை எந்த நாடகமேனும் நமக்குக் காட்டியதுண்டா? பழைய மேடையில் சுடுகாடும் பறை முழக்கமும் வெட்டியானும் கொலைக்களமும் அச்சத்தை ஊட்டும் அலங்காரங்களாகவே வந்து சென்றன. அந்த இருளில் வாழ்ந்தவர்களின் வாயில் வசனம் வைக்கப்படவில்லை. நம் இளைஞர் இருண்ட நாடகம் எழுத வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே காரணம். இருள் பற்றி எழுதுவதற்கு நம்மைக் காட்டிலும் உரிமையுடையவர் யார்?

ஆனால் நீங்கள் எழுதிய நாடகங்களில் பாழடைந்த மாளிகை வருகிறது. அதில் ஜமீன்தார் வருகிறார். மேல்நாட்டுத் துப்பறிவாளர் போல் தொப்பியணிந்த ஒருவர் வருகிறார். மாளிகை நம் தெருவில் எங்கே இருக்கிறது? நம்முடைய அச்சங்கள் வேறு. அவற்றுள் சிலவற்றை வரலாற்றிலிருந்தே எடுத்துக் காட்டுகிறேன்.

1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலையில், வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட நம்மவர் சிலர் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தனர். இது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் அதற்கு முந்தைய இரவை எண்ணிப் பாருங்கள். விடிந்தால் என்ன நேரும் என்று தெரியாமல், நீராடித் தூய உடை எடுத்து வைத்துவிட்டு, ஒரு வீட்டில் ஓர் இளைஞன் விழித்திருக்கிறான். அவன் தாய் வாயிற்படியில் அமர்ந்திருக்கிறாள். தெருவில் காலடியோசை கேட்கிறது. வருபவர் நண்பரா, பகைவரா? இதைவிடத் திகிலான காட்சி வேறொன்று வேண்டுமா?

உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டும், பத்தாண்டுக் காலம் அங்கே முறையான தேர்தல் நடைபெற இயலவில்லை. 2006இல்தான் நடந்தது. மேலூரை அடுத்த மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடனிருந்தோரும் 1997 ஜூன் 30ஆம் நாள் பட்டப்பகலில் கொல்லப்பட்டனர். வேட்புமனு என்பது ஒரு தாள். அத்தாளைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் நாளை மாலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒரு குடிசை. ஒரு மேசை. மேசைமேல் அந்தத் தாள். கையொப்பமிடுவதா வேண்டாமா என்று ஒரு கணவனும் மனைவியும் பேசுகின்றனர். இடையிடையே யாரோ வருகின்றனர், இனிமையாகப் பேசுகின்றனர், மிரட்டுவதாகவே தெரியாமல் மிரட்டிச் செல்கின்றனர். கடிகாரம் ஓடுகிறது. பேயும் வேண்டா, பிணமும் வேண்டா. அவையோர் மூச்சடக்கி அமர்ந்திருப்பார்கள்.

கிரேக்க நாட்டில் சோபோகிளீசு ‘ஆண்டிகனி’ என்றொரு நாடகம் எழுதி ஏறத்தாழ 2450 ஆண்டுகள் ஆகின்றன. இறந்த உடன்பிறந்தானைப் புதைக்கலாகாது என்று அரசன் ஆணையிட, தங்கை அவ்வாணையை மீறுகிறாள். அதனைத் தழுவி மு. இராமசுவாமி அவர்கள் ‘துர்க்கிர அவலம்’ என்ற பெயரில் தமிழில் நாடகம் படைத்தார். பிணம் தூக்கிச் செல்லப் பாதை கேட்டு நடுவழியில் நின்றவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தக் கிரேக்கப் பெண்ணை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. இளையான்குடியை அடுத்த மாரந்தையில் பிறந்து, நாட்டார் கலைகளை ஆராய்ந்து, 2016இல் மறைந்த முனைவர் கே.ஏ. குணசேகரன் அவர்கள் ‘பலி ஆடுகள்’ என்ற நாடகத்தில் பலியிடுதல் என்னும் கொடுமையையே மேடையின் நடுவில் வைத்தார். வழி இருக்கிறது, முன்னோடிகளும் இருக்கின்றனர்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கதையே வேண்டும் என்பவர்க்கும் ஒரு சிறந்த முன்மாதிரி சொல்கிறேன். ஆங்கில நாடகாசிரியர் ஜே.பி. பிரீஸ்ட்லி எழுதி, 1945இல் முதன்முதலாக மேடையேறிய நாடகம் ஒன்றுண்டு. செல்வக் குடும்பமொன்று விருந்துண்டு களித்திருக்கும் இரவில், ஓர் ஆய்வாளர் வருகிறார். ஓர் ஏழைப் பெண் தற்கொலை செய்துகொண்டாள் என்கிறார். அவர் கேட்கக் கேட்க, அக்குடும்பத்தில் ஒவ்வொருவரும் அப்பெண்ணின் அழிவுக்கு ஒவ்வொரு வகையில் காரணமாயிருந்தது வெளிப்படுகிறது. ஒரே இரவு, ஒரே அறை, ஏழெட்டு நடிகர். மர்ம நாடகத்தின் சட்டகத்துக்குள்ளேயே ஒரு சமுதாயத்தின் மனச்சாட்சியை அவர் விசாரணை செய்துவிட்டார்.

இருளை எழுதுபவர்க்குச் சில கட்டுப்பாடுகளும் வேண்டும். உண்மையில் நிகழ்ந்த துயரத்தை எடுத்தாளும்போது, அதில் உற்றாரை இழந்தவர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர் என்பதை மறவாதீர்கள். பெயரையும் ஊரையும் மாற்றி எழுதுங்கள். இயன்றால் அவர்களிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். ஒரு பெண் துன்புறுத்தப்படுவதை அவையோரின் கிளர்ச்சிக்காக மேடையில் காட்டாதீர்கள். கதவுக்கு அப்பால் கேட்கும் ஓர் ஓசை போதும். வில்லனைக் கோரப்பல் உடையவனாகப் படைக்காதீர்கள். நமக்குத் தீங்கு செய்தவர்களுள் பலர் வீட்டில் நல்ல தந்தையராகவும் கோவிலில் பக்தராகவும் இருந்தவர்களே. அதை எழுதினால்தான் அச்சம் உண்மையானதாகும். நம்முள்ளேயே இருக்கும் தீங்குகளை, குறிப்பாகக் குடியையும் பெண்களை அடிக்கும் கொடுமையையும், எழுதவும் தயங்காதீர்கள். இறுதிக் காட்சியில் வாள் எடுத்துப் பழிவாங்கிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் மனோகரனின் அன்னை கற்பித்த பொறுமையினால் அல்லவா அந்நாடகம் நிலைத்தது?

எழுதும் முறை பற்றி ஆசிரியன் என்ற நிலையில் சில சொல்கிறேன். வேலை முடிந்து வந்தபின் நாள்தோறும் ஒரு மணி நேரம் எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாவில் தடுக்கும் வசனத்தை அடித்துவிடுங்கள். பாத்திரங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதற்காட்சியில் சுவரில் அரிவாளைத் தொங்கவிட்டால், அது எதற்கென்று முடிவதற்குள் விடை சொல்லுங்கள். விளக்கை அணைத்துத்தான் அச்சமூட்ட முடியும் என்று எண்ணாதீர்கள். வெளிச்சத்தில் வரும் அச்சமே பெரிது. அறிவித்த நேரத்தில் திரையை உயர்த்துங்கள்; காலந்தவறாமையையும் அளவான நேரத்தில் முடிப்பதையும் சம்பந்தனார் சபையினர் ஒரு நெறியாகவே கொண்டிருந்தனர். நம் பெண்பிள்ளைகளையும் எழுத அழையுங்கள். இரவில் தனியே நடந்து வருவதன் அச்சம் என்னவென்று நம்மைவிட அவர்கள் நன்கறிவர்.

இறுதியாகச் சங்கத்தின் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் நான் சிறுவனாயிருந்தபோது, நம் தெருக்களில் பொங்கலுக்குப் பொங்கல் நாடகம் நடக்கும். சில ஊர்களில் பொது மேடையின்முன் அமர நமக்கு இடமிராது. ஆகவே நம் தெருவில் நாமே மேடை கட்டினோம். கூலி வேலை செய்தவர்களும் மில் தொழிலாளர்களும் வரி பிரித்து, மதுரையிலிருந்து தெரு சீனும் காடு சீனும் வாடகைக்கு எடுத்து வந்தனர். நோட்டீசில் ‘கதை, வசனம்’ என்று நம் தெருப் பிள்ளையின் பெயர் அச்சாகியிருக்கும். வசனம் முழுவதும் ஒரே நோட்டுப்புத்தகத்தில் கையால் எழுதப்பட்டிருக்கும். திரைக்குப் பின்னால் ஒருவர் அதனை வைத்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுப்பார். நாடகம் முடிந்தபின் அந்த நோட்டு என்னவாயிற்று? கரையானுக்கும் மழைக்கும் இரையாயிற்று. சம்பந்தனாரின் நாடகங்கள் அச்சேறின. எனவே நாம் இன்று அவரைப் பற்றிப் பேசுகிறோம். நம்மவர் எழுதியவை அச்சேறவில்லை. எனவே நம்மவர் எழுதவே இல்லை என்று நாளை எவரேனும் கூறினால், மறுக்க நம்மிடம் சான்றில்லை.

எஞ்சியிருக்கும் நோட்டுகள் சில பரண்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் இன்னும் இருக்கக் கூடும். அவற்றைத் தேடித் தொகுப்பதை இவ்வெள்ளிவிழாவின் தீர்மானங்களுள் ஒன்றாக ஏற்க வேண்டுகிறேன். வீடுதோறும் கேளுங்கள், கொடுக்க மனமில்லாதவரிடம் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேனும் வாருங்கள், சங்க நூலகத்தில் ஓர் அலமாரியை அதற்கென ஒதுக்குங்கள். இனி ஆண்டுவிழாவில் அரங்கேறும் ஒவ்வொரு நாடகத்தின் படியும், அதில் பேய் வந்தாலும் கொலை வந்தாலும், அவ்வலமாரிக்குச் செல்லட்டும். கல்விச் சங்கத்துக்குப் பொருந்தாத பணி இது என்று யார் சொல்ல முடியும்? தேர்வில் ஒரு பத்தி எழுதத் தடுமாறிய மாணவன், நாடகத்துக்காக நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்து நிற்பதை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். அவனை மாளிகையை விட்டு நம் தெருவுக்கு அழைத்து வருவது மட்டுமே நம் வேலை. எழுதும் வேலையை அவன் பார்த்துக்கொள்வான்.

இளைஞர்களே, அடுத்த ஆண்டுவிழாவில் வீரபாகுவின் வீட்டைக் காண முன்வரிசையில் வந்து அமர்வேன்.